தகட்டில் உள்ள எண்

திங்கள் காலை ஒன்பதே முக்கால்.
பார்வதிபுரம் பாலத்தில் பஸ்கள்
ஹாரனால் பேசிக்கொள்கின்றன.
மூன்றாம் மாடியில் நாங்கள் ஏழு பேர்,
ஒரு வெள்ளைப் பலகை,
நேந்திரங்காய் சிப்ஸ் ஒரு பொட்டலம்,
லேப்டாப் திரையில், சென்னையிலிருந்து, பத்ரிநாத் சார்.

அடுத்த இரண்டு வாரம் என்ன செய்வோம்
என்று சொல்ல வேண்டும்.
சொன்னதைச் செய்வோமா என்பது
இந்த அறையில் யாரும் கேட்காத கேள்வி.

போன ஸ்பிரின்டில் முப்பத்து நான்கு புள்ளி என்றோம்,
முடித்தது பத்தொன்பது.
அதற்கு முன்னால் முப்பத்தாறு,
முடித்தது இருபத்தொன்று.
நான்கு எண்களையும் பலகையின் மூலையில் எழுதினேன்.
ஜோபின் சிப்ஸ் பொட்டலத்தின்
காலாவதித் தேதியை வாசித்துக்கொண்டிருந்தான்.

விடுப்புகளைக் கழித்தோம்.
ஷெர்லினுக்கு வியாழன், தக்கலையில் தங்கையின் நிச்சயம்.
சுயம்புவின் மகனுக்கு அம்மை, எப்போது வருவானோ.
ஆன்றோவுக்குப் பாஸ்போர்ட் ஆபீஸ்,
"அரை நாள்தான் அக்கா."
அரை நாள் என்று ஒன்று உலகத்தில் கிடையாது.
முழு நாள் போட்டேன்.

முதல் ஸ்டோரி:
காற்றாலை டெக்னீஷியன், கோபுரத்தின் மேலிருந்தே
சோதனைப் பட்டியலை அனுப்ப வேண்டும்.
ஆள் உண்டு, ஆசை உண்டு.
எது நடந்தால் கதை முடிந்தது என்று மட்டும்
யாரும் எழுதி வைக்கவில்லை.

சீட்டைத் திருப்புங்கள்.
மூன்று. மூன்று. ஐந்து. மூன்று. இரண்டு.
கடைசியாக ரெஜிலா:
பதின்மூன்று.

"பிள்ளே, சீட்டு மாறிப்போச்சா?" என்றான் ஜோபின்.
சிரித்தோம், நானும்தான்.
சேர்ந்து நான்கு மாதம், டெஸ்டிங்.
கூட்டங்களில் அவள் குரல்
"கேக்குது" என்பதைத் தாண்டியதில்லை.
சராசரி போட்டு நகரப் போனேன்,
மார்க்கர் எழுதவில்லை.
உதறிக்கொண்டே, சும்மா, ஏன் என்று கேட்டேன்.

"சனிக்கிழமை முப்பந்தல் போனேன் அக்கா,
வீட்டுக்குப் பக்கம்தானே.
கோபுரத்துக்குள்ள இரும்புக் குழாய், சிக்னல் கிடையாது.
மேல போனா சிக்னல் உண்டு, கை கிடையாது.
ஒரு கை கம்பியில, இன்னொண்ணுல தோல் உறை.
நம்ம பட்டன் அரிசி மாதிரி இருக்கு.
அந்த அண்ணன் மூக்கால அமுக்கிக் காட்டினாரு."

மூன்று காட்டியவர்கள்
சீட்டைக் கவிழ்த்து வைத்தார்கள்.

பிறகு, யாரும் கேட்காமலே:
"ஒவ்வொரு காத்தாடிக்கும் ஒரு தகடு உண்டு,
இத்தன கிலோவாட்டுன்னு.
அது முழுக் காத்துக்கு உள்ள எண்ணு.
அத வச்சு அங்க யாரும் கணக்குச் சொல்லமாட்டாங்க.
போன ஆடிக்கு எவ்வளவு ஓடுச்சு,
போன தைக்கு எவ்வளவு, அதான் கணக்கு."

அப்போதுதான் எல்லோரும்
பலகையின் மூலையைப் பார்த்தார்கள்.

கதையை உடைத்தோம்.
சிக்னல் இல்லாமல் சேமிப்பது, ஐந்து.
பட்டனைப் பெரிதாக்குவது, இரண்டு.
அது அனுப்புவதற்காகக் காத்திருப்பது
ஒரு மணி நேரம் சண்டை, பிறகு எட்டு.
படம் இணைப்பது இப்போது இல்லை.
இன்னும் இரண்டு சின்ன வேலை சேர்த்து
பதினெட்டில் கோடு கிழித்தேன்.

"பதினெட்டா?" என்றது திரை.
"கிளையன்ட்கிட்ட முப்பது சொல்லியிருக்கேனே."

'பாத்துக்கலாம் சார்' நாக்கு நுனியில் இருந்தது.
நான்கு வருடமாக அந்த ஒரு சொல்லுக்கு
இவர்களின் சனிக்கிழமைகளை விற்றிருக்கிறேன்.

"எது முதல்லங்கறத நீங்க சொல்லுங்க சார்.
எவ்வளவுங்கறத நாங்க சொல்றோம்."

இணைப்பு அறுந்துவிட்டதென்று
ஆன்றோ ரவுட்டரைப் பார்க்க எழுந்தான்.
அறுக்கவில்லை.
"இந்த ஒரு தடவை" என்றார் பத்ரிநாத்,
பட்டியலிலிருந்து மூன்று வரிகள் தாமே மறைந்தன.

நடுப்பலகையில் ஒரே வாக்கியம் மிஞ்சியது:
உறையைக் கழற்றாமல் ஒருவர்
ஒரு பட்டியலை முடிக்க வேண்டும்.

பதினெட்டும் அதிகமோ, தெரியவில்லை.
சுயம்புவின் மகனைக் கேட்க வேண்டும்.

மதியம் ஜோபின் வடசேரி போய்
வெல்டிங் சாமான் கடையில் ஒரு ஜோடி தோல் உறை வாங்கி,
நூற்றி நாற்பது ரூபாய் பில்லை என் மேஜையில் வைத்தான்.
இடது உறை ரெஜிலாவிடம்.
வலது உறையோடு
தன் பாஸ்வேர்டை நான்காம் முறையாகத்
தப்பாக அடித்துக்கொண்டிருக்கிறான்.